செம்பனுக்கு வைத்த ஒத்தடம்

எனக்கு எட்டு வயதில் பேச்சுத்துணை என்று இருந்தது ஒரு நாய்தான். அப்பாவும் அம்மாவும் விடியும் முன்னே தேயிலை மலைக்கு வேலைக்குப் போனால், பொழுது சாயத்தான் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்புவார்கள். அக்காமார் இருவரும் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். மற்றப் பிள்ளைகள் வந்து கூப்பிடட்டும், பிறகு விளையாடப் போகலாம் என்று நான் இருப்பேன். அவர்கள் கூப்பிடவில்லை. அதனால் எல்லாக் கதையும் செம்பனோடுதான்.

அந்த வருடம் மழை விட்ட பிறகு, செம்பன் காலையில் எழும்பவே கஷ்டப்பட்டது. முன்னங்காலைத் தூக்கி நொண்டும். கொஞ்சத் தூரம் நடந்தால் சரியாகிவிடும். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடத்தைப் பெரட்டு என்போம். அதை வைத்து அம்மா கேலி செய்தார்.

"பெரட்டுல நொண்டிட்டு, வீட்டுக்குப் போன்னு சொன்னதும் ஓடுற ஆளு மாதிரியில்ல இருக்கு."

அப்பாவும் நடிப்பு என்றுதான் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை.

எங்கள் லயத்தில் யாருக்குக் கால் நோவு வந்தாலும் மருந்து வறுத்த உப்புதான். ஒரு சனிக்கிழமை, ஆளில்லாத நேரம் பார்த்து, நானே உப்பை வறுத்துத் துணியில் முடிந்தேன். செம்பனின் மூட்டு வீங்கியிருந்தது. தொட்டால் முன்னமே சுட்டது. அடுப்படியில் படுத்த சூடு என்று நினைத்து, நன்றாக அழுத்தி ஒத்தடம் வைத்தேன். அது என் கையைக் கடித்துவிட்டது.

இப்போது என்னோடு இருக்கிற நாய்க்கும் மூட்டுவாதம் வந்திருக்கிறது. மாத்தளை டவுனில் மிருக வைத்தியம் பார்க்கிற பிள்ளை பொறுமையாகச் சொன்னாள். மூட்டுக்குள்ளே அழற்சியாம். உள்சவ்வு வீங்கி நீர் கோத்துக்கொள்ளுமாம். அந்தச் சூடுதான் கையில் தெரிகிறதாம். படுத்து எழும்பினால் விறைக்கும், நடந்தால் இளகும், ஆனால் கொதிக்கிற நேரத்தில் சூட்டு ஒத்தடம் வைத்தால் நோவு கூடும் என்றாள். தெரிந்த விசயம்போல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், உலகத்தில் இத்தனை பேர் இருக்க அது என்னையே கடித்தது என்பதுதான். கடித்த நாயை வைத்திருக்க வேண்டாம் என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். அப்பா என் கையில் துணி சுற்றியபடி என்னைக் கேட்டார்.

"பல்லேகமப் பக்கம் வயலுக்கு ஒரு நாய் கேக்கிறாங்க. நாளைக்கு லொறி போகுது. போனா வராது பிள்ள, யோசிச்சுச் சொல்லு."

"போகட்டும்."

மறுநாள் நான் வாசலுக்குப் போகவில்லை. கதவிடுக்கில் நின்று பார்த்தேன். செம்பனால் லொறியில் ஏற முடியவில்லை. அப்பா அந்தக் காலைப் பிடித்துத் தூக்கியபோது அது நீளமாக அழுதது. என்னைக் கடித்ததை நினைத்துத்தான் அழுகிறது என்று எண்ணிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று கதவைச் சாத்தினேன்.