துணிக்கடைத் திரையில் ஒரு பெயர்

பிள்ளைகளே, கல்கத்தாவில் ஜாதவ்பூர்ப் பக்கம் ஒரு சின்ன மென்பொருள் ஆபீசில் நான் கணக்கு எழுதியபோது, அங்கே ஒரு புரோகிராமர் இருந்தார். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றியிருக்கும். தமிழர்தான், அங்கேயே பிறந்ததால் பேச்சில் வங்காளம் கலந்து வரும். இணையத்தில் யாராவது எழுதிவைத்த நிரலை எடுப்பதற்கு முன், அதன் உரிம விதிகளை வாய்விட்டுப் படிப்பார்.

கரியாஹாட் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு பில் போடும் புரோகிராம் செய்தோம். பார்கோடு அச்சிட அருமையான நிரல் கிடைத்தும் அவர் எடுக்கவில்லை.

"யாருக்குத் தெரியப் போகுது தம்பி?" என்றேன்.

"இதை எழுதினவரு வியாபாரத்துக்குக் கூடாதுன்னு விதி போட்டிருக்கார் அண்ணா. சோல்பே நா, நடக்காது."

தேடித் தேடி வேறொன்றைப் பிடித்தார். யாரும் பயன்படுத்தலாம், எழுதியவர் பெயரை மட்டும் காட்ட வேண்டும் என்பது அதன் விதி.

கடைக்காரர் பில் திரையின் அடியில் அந்தப் பெயரைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "என் கடையில எந்த வெள்ளைக்காரன் பேரு இது? எடுத்தாத்தான் வாங்குவேன்."

எங்கள் முதலாளி, "எடுத்துடுப்பா" என்று கண்ணைக் காட்டினார்.

புரோகிராமர் அசையவில்லை. கடைக்காரரை வங்காள வழக்கப்படி 'தாதா', அதாவது அண்ணா, என்றழைத்துச் சொன்னார்: "அவர் நம்மகிட்ட கேட்டதே இது ஒண்ணுதான் தாதா. அதையும் தரலேன்னா எப்படி?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "சரி, இருக்கட்டும். சேலை கட்டின பொம்மைக்கே இங்க இடம் இருக்கு, ஒரு பேருக்கு இல்லாமலா போகும்?"

பிறகு அந்தக் கடைக்குப் போகும்போதெல்லாம் திரையைப் பார்ப்பேன். வெள்ளைக்காரர் பெயர் அப்படியே இருக்கும். எங்கள் புரோகிராமர் பெயர் எங்கேயும் இல்லை. தன் பெயரையும் போட ஏன் அவருக்குத் தோன்றவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன்.