துடைத்து வைத்த லேத்

வெள்ளத்தில் கெட்டுப்போன வீடுகளையும் பட்டறைகளையும் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவது என் தொழில். பெங்களூரில் இருபது வருடம் அதைச் செய்தேன். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வரும். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு போவேன். எது இந்தத் தண்ணீரால் கெட்டது, எது ஏற்கெனவே கெட்டிருந்தது என்று எழுதிக் கொடுப்பேன். சர்வேயர் என்பார்கள். படித்தவர், நேர்மையானவர் என்று பெயர் வேறு. அந்தப் பெயரைக் கொடுத்தவர்கள் யாரும் என் அறிக்கைகளைப் படித்ததில்லை.

கடலும் இல்லாத, பெரிய ஆறும் இல்லாத, மூவாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிற ஓர் ஊரில் வெள்ளம் வரவழைப்பது சாமானிய வேலையில்லை. அதற்குப் பலபேர் பாடுபட வேண்டியிருந்தது. ஏரியைத் தூர்த்தார்கள். தூர்த்த இடத்தில் லேஅவுட் போட்டு, ஞாபகமாக அந்த ஏரியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மழைத்தண்ணீர் போவதற்கென்று ராஜாக்கள் காலத்தில் வெட்டிய ராஜகாலுவே என்னும் பெரிய கால்வாய்களின் மேல் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினார்கள். பிறகு தண்ணீர் வீட்டுக்குள் வந்ததும் இயற்கையின் சீற்றம் என்று கிளெய்ம் பாரத்தில் எழுதினார்கள். நானும் அதை மறுக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பிந்தைய ஒரு வருடம். ஒரு திங்கட்கிழமை ராத்திரி கொட்டிய மழை செவ்வாய்க்கிழமை மத்தியானம் வடிந்தது. அன்று சாயங்காலமே கம்பெனி எனக்கு இரண்டு விலாசங்கள் கொடுத்தது. ஒன்று அப்படிப்பட்ட லேஅவுட்டில் ஒரு பெரிய வீடு. மற்றொன்று அடுகோடிப் பகுதியில் ஒரு லேத் பட்டறை. இரண்டு நாளுக்குள் இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. தவறினால் அடுத்த தடவை வேலை வேறு சர்வேயருக்குப் போகும்.

புதன்கிழமை பெரிய வீட்டுக்குப் போனேன். மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்த பழைய தமிழ்க் குடும்பம். இப்போதைய வாரிசு சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தார். ராஜகாலுவேயின் கரையை ஒட்டி, அதன் மட்டத்துக்கும் கீழே தோண்டி, நிலவறையில் மரத்தரை போட்டு சினிமா பார்க்க ஓர் அறை கட்டியிருந்தார். கால்வாய்க்கு இதைவிட மரியாதையான அழைப்பிதழ் யாரும் வைத்திருக்க முடியாது. சோபாக்கள் சேற்றில் பாதி முங்கிக் கிடந்தன. படிக்கட்டின் வாசலில் ஒரு வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். சேற்றுக்குக் காவல்.

"ஒரு துடைப்பம் உள்ள போகல சார். வேலைக்காரம்மாவக் கூட லீவு எடுத்துக்கச் சொல்லிட்டேன். நீங்க பாக்கற வரைக்கும் அப்படியே இருக்கணுமில்ல" என்றார் அவர்.

அவர் மனைவி மூக்கில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு, "நமக்கெல்லாம் நாத்தம். இவருக்கு மட்டும் எவிடென்ஸ்" என்றாள்.

இட்லியும் காபியும் வந்தன. புதுப்பிக்கிற வேலைக்கு நீங்களே பிளான் போட்டுத் தாருங்களேன் என்று அவர் கேட்டார். சேதத்தை மதிப்பிடுகிறவன் அதே வீட்டைப் புதுப்பிக்கிற வேலையையும் வாங்கிக்கொள்வது அசிங்கம். அது எனக்குத் தெரியும். தெரிந்தே வியாழனும் வெள்ளியும் அங்கேயே டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மறுபடி மரத்தரையே போடலாமா?" என்று கேட்டார். தாராளமாகப் போடலாம் என்றேன். அந்த இடத்தில் மீன் வளர்க்கலாம், மரத்தரை போடக்கூடாது. பொறியியல் படித்த எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அடுகோடிக்குப் போனபோது சனிக்கிழமை. மோரி என்று அங்கே சொல்கிற சாக்கடையின் ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறைப் பட்டறை. இரும்பைக் கடைகிற ஒரே ஒரு லேத். வைத்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும், வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். ஓசூர் ரோட்டில் இருந்த ஒரு பெரிய தொழிற்சாலைக்குச் சின்னச் சின்ன உருளைகள் கடைந்து கொடுத்துப் பிழைத்தார். மனைவி அவற்றை எண்ணெய் துடைத்துப் பெட்டியில் அடுக்குவாள். அந்த ஓர் இயந்திரத்தின் மேல்தான் அந்தக் குடும்பம் நின்றது.

"வாங்க சார். போன் பண்ணி நாலு நாளாச்சு. வழி தப்பி மைசூருக்குப் போயிட்டீங்களோன்னு பாத்தோம்" என்றார்.

"வேலை ஜாஸ்தி" என்றேன்.

லேத் பளபளவென்று நின்றது. ஒரு துளி சேறு இல்லை.

"சேதம் எங்கே? மெஷின் புதுசு மாதிரி இருக்கே."

"தண்ணி எறங்கின ஒடனே மோட்டரக் கழட்டி வெய்யில்ல வெச்சேன் சார். லேத்துக்கு அடியில இருக்கற இரும்பு பெட்ட மண்ணெண்ணெயில கழுவி ஆயில் போட்டேன். ரெண்டு பேரும் மூணு நாளா இதான் வேலை. ஈரத்தோட ஒரு நாள் உட்டாக்கூட துரு ஏறிடும். நீங்க வந்து பாக்கணும்னு ஊற வெக்க முடியுமா?"

"சர்வேயர் பார்க்கிற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு பாலிசியில இருக்கு."

சேதம் பெருகாமல் தடுப்பது பாலிசி எடுத்தவரின் கடமை என்றும் அதே பாலிசியில் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்க்காமலே, "சேறுதான் வேணும்னா சொல்லுங்க சார். பின்னாடி மோரியில நெறைய கெடக்கு. ரெண்டு பக்கெட் கொண்டாந்து மெஷின் மேல ஊத்தறேன், போட்டோ எடுத்துக்குங்க" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றார் அவர். ஆனால் சிரித்துவிட்டார்.

பிறகு லேத்தை ஓட்டிக் காட்டினார். உள்ளே பேரிங் கரகரத்தது. ஓர் இரும்புத் தண்டைக் கடைந்து, மைக்ரோமீட்டரால் இரண்டு முனையையும் அளந்து என்னிடம் நீட்டினார். "பாருங்க சார், இங்க ஒரு அளவு, அங்க ஒரு அளவு. கம்பெனிக்காரன் எடுத்துக்க மாட்டான். பேரிங் மாத்தி, பெட்ட திரும்ப அரைக்கணும். அதுக்குத்தான் இன்சூரன்ஸக் கேக்கறேன்." அவர் சொன்னது நிஜம். என் கண்ணாலேயே பார்த்தேன். சுவரில் என் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற பழுப்புக் கோடும் இருந்தது. இயந்திரத்தைத் துடைத்தவர்களுக்குச் சுவரைத் துடைக்க நேரம் கிடைத்திருக்கவில்லை.

நான் லேத்தை மட்டும் போட்டோ எடுத்தேன். என் கேமராவில் தேதி விழும் வசதி உண்டு. அதை அணைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதினேன். முதலில் பார்வையிட்ட நாள் என்ற கட்டத்தில் புதன்கிழமையின் தேதியைப் போட்டேன். தாமதம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகப் போட்ட பொய் அது. ஆனால் அந்த ஒரு தேதி மீதி அறிக்கையைத் தானே எழுதிவிட்டது. வெள்ளம் வடிந்த மறுநாளே இயந்திரம் காய்ந்து, சுத்தமாக, ஓடும் நிலையில் இருந்தது என்றால் அதற்குள் தண்ணீர் போகவே இல்லை என்றுதானே அர்த்தம்? அப்படியே எழுதினேன். அந்தப் புதன்கிழமை மோட்டர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சேற்றைக் காவல் காத்தவருக்குக் கேட்டது கிடைத்தது. துடைத்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

லேத்காரர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் போட்டார். சர்வேயர் வந்தது சனிக்கிழமை, பக்கத்துப் பட்டறைக்காரரைக் கேளுங்கள் என்று எழுதியிருந்தார். கம்பெனி பக்கத்துப் பட்டறைக்காரரைக் கேட்கவில்லை. கடிதத்தை என்னிடமே அனுப்பி, என் கருத்தைக் கேட்டது. திருடனையே கூப்பிட்டுத் திருட்டு நடந்ததா என்று விசாரிக்கிற அந்த அலுவலக நடைமுறையைப் பற்றி நான் நிறையக் கேலி பேசலாம். பேச எனக்கு யோக்கியதை இல்லை. நிராகரிப்புக்குப் பின் யோசித்துச் சொல்லப்படும் குற்றச்சாட்டு இது, ஏற்க வேண்டியதில்லை என்று இரண்டு வரி எழுதினேன். முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னபோது பயம்கூட இல்லை.

இரண்டு வருடம் கழித்து அதே தெருவில் மறுபடி தண்ணீர் புகுந்தது. இந்தத் தடவை பக்கத்து வெல்டிங் பட்டறையின் கிளெய்ம். லேத் இருந்த அறையில் குடிதண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன. வெல்டிங்காரரிடம் லேத்காரரைப் பற்றி விசாரித்தேன். நான் யார் என்பது அவருக்குத் தெரியும் என்று பார்வையிலேயே தெரிந்தது.

"அளவு நிக்கல சார் அந்த மெஷின்ல. ஆர்டர நிறுத்திட்டாங்க. வித்துட்டு, இப்ப வேற ஒருத்தர் கிட்ட ஷிஃப்ட்டுல லேத் ஓட்டறாரு."

வெல்டிங்காரருடைய பட்டறைக்குள் போனேன். தண்ணீர் வடிந்து நாலு நாளாகியிருந்தது. டிரில்லிங் மெஷின், கிரைண்டர், வெல்டிங் செட் எல்லாம் சேற்றோடு நின்றன. விரல் வைத்த இடத்தில் செம்பழுப்பாகத் துரு ஒட்டியது. கழுவி எண்ணெய் போட்டிருந்தால் பாதி பிழைத்திருக்கும்.

"ஏம்ப்பா இப்படி விட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

"இந்தத் தெருவுல இப்ப யாரும் தொடறதில்ல சார். நீங்க வர வரைக்கும் அப்படியே உட்டுடறது."

அந்த அறிக்கையில் சரியான தேதியைத்தான் போட்டேன். அவருக்குக் கிளெய்ம் கிடைத்தது. லேத்காரர் எங்கே வேலை பார்க்கிறார் என்று வெல்டிங்காரர் சொல்லியிருந்தார். என் வீட்டிலிருந்து ஒரே பஸ். நான் போகவில்லை.