இடுப்பளவு புல்

எண்பதுகளின் கடைசியில், கூமாப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரப் புல்வெளி ஒன்றில் எனக்கு வனத்துறை வாட்சர் வேலை. கௌதாரிகள் குறைந்துபோனதால் அங்கே கம்பி வேலி போட்டிருந்தார்கள். கண்ணி வைப்பவர்களையும் ஆடு மேய்ப்பவர்களையும் உள்ளே விடக் கூடாது என்பது உத்தரவு.

கண்ணிக்காரர்கள் இரண்டு முறை பிடிபட்டதும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆட்டுக்காரர் ஒருவர் மட்டும் தினமும் வேலியோரம் வந்து நிற்பார்.

"ஆடு வாய் வச்சாத்தான் கௌதாரி தங்கும், வாட்சரே. புல்லு எம்புட்டு வளருதோ, அம்புட்டு தூரம் அது போயிரும்."

"அத ஆபீசர்கிட்ட போய்ச் சொல்லுய்யா" என்று கத்தி அவரையும் விரட்டினேன். காக்கிச் சட்டை கொடுத்த திமிர். அந்தக் காட்டில் என்னோடு பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஐப்பசி மழைக்குப் பிறகு புல் இடுப்பளவு எழுந்தது. பார்க்க வந்த ஆபீசர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். தை பிறந்த பிறகுதான் உறைத்தது, விடியலில் கௌதாரிச் சத்தமே இல்லை. தரையில் ஓடி இரை பொறுக்கும் பறவை அது. அடர்ந்த புல்லில் ஓட வழியில்லாமல், வேலிக்கு வெளியே ஆடு மேய்ந்த தரிசுக்குப் போய்விட்டது.

ஆட்டுக்காரரைத் தேடி வத்திராயிருப்பு வரை நடந்தேன். கிடையை எங்கோ தூரத்துக்கு மாற்றிவிட்டாராம். திரும்பி வந்து, வழக்கம்போல ஆபீசருக்குக் காட்டும் தினசரி நோட்டில் எழுதினேன்: "யாரும் உள்ளே வரவில்லை."