பத்மாவின் வெள்ளிக்கிழமை எலிகள்

பத்மா போய்விட்டார். காலையில் அவர் மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள். தூக்கத்திலேயே… சிரமப்படவில்லையாம்.

என் ஃபிரண்ட்ஸ் பலருக்கு அவரைத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் டெல்லியில் ஒரு மூளை ஆராய்ச்சி லேபில் நானும் அவரும் ஒன்றாக பிஎச்டி செய்தோம். இரண்டு பேர் வீடும் ஆர்.கே.புரம். ஒரே பஸ்.

எங்கள் லேப் முழுக்க எலிகள். மணி அடித்ததும் எலி எவ்வளவு நேரம் பயந்து அசையாமல் நிற்கிறது என்று பார்ப்பதுதான் பத்மாவின் வேலை. மூளையில் ஒரு சின்ன இடத்தைச் சேதப்படுத்திய எலிகள் ஒரு பக்கம், சாதாரண எலிகள் இன்னொரு பக்கம்.

ஆபரேஷன் ஆன எலிகள் ரொம்ப நேரம் உறைந்து நின்றன. பயத்தை அடக்கி வைப்பது அந்த இடம்தான் என்று பத்மா பேப்பர் எழுதி முடித்தார். எங்கள் புரொஃபசர் லேபுக்கே லட்டு வாங்கிக் கொடுத்தார். பஞ்சாபி மனுஷர், தாராளம்.

அப்புறம் ஒரு ஜனவரியில் பத்மாவுக்கு ஜலதோஷம்.

அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய சீயக்காய், அதற்கு மேல் சாம்பிராணிப் புகை வேறு. ஈரம் காயாத தலையோடு பஸ் ஏறுவார். டெல்லியில் பிறந்த எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது, ஷாம்பூதான்.

அந்த வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்காமல் வந்தார். பேப்பர் அனுப்புமுன் கடைசியாக ஒரு சோதனை, மணி அடித்தது. ஆபரேஷன் ஆன எலிகள் கொஞ்சம் நின்றுவிட்டு, தம் பாட்டுக்கு உலாத்த ஆரம்பித்தன.

நான் மணியில் கோளாறு என்றேன். பத்மா நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார்.

எலிகளை விட்டுப் பார்க்கும் பெட்டி லேபில் ஒன்றுதான். அதனால் சாதாரண எலிகளுக்கு வியாழன், ஆபரேஷன் எலிகளுக்கு வெள்ளி என்று ஆரம்பத்திலேயே பிரித்திருந்தோம். இதில் தப்பு இருக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பத்மா வேண்டுமென்றே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார். சாதாரண எலிகள் மணி அடிப்பதற்கு முன்னாலேயே மூலையில் ஒண்டிக்கொண்டன.

"என் தலைதாங்க காரணம். வாசனைக்குப் பயந்திருக்குதுங்க. மூளையுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்… முகம் வெளுத்திருந்தது.

பேப்பர் தபாலில் போகவேண்டியதுதான் பாக்கி. திரும்பச் செய்வதென்றால் புது எலிகள், புது ஆபரேஷன், இன்னும் ஒரு வருஷம். புகுந்த வீட்டிலோ அந்தக் கோடையோடு படிப்பை முடித்துக்கொள்வதாகச் சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தார்.

புரொஃபசர் கெட்டவர் இல்லை. "அரே பத்மா, கீழே ஒரு குறிப்பு போட்டு அனுப்பிடலாம்" என்றார். பத்மா பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை, என்னவோ என் பேப்பர் மாதிரி.

அன்று சாயங்காலம் துணைக்கு என்னையும் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மாமியார் தஞ்சாவூர்க்காரர், கறாரானவர். பத்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சுமங்கலிப் பொண்ணு, எலிக்காக வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்க மாட்டேங்கிற."

"ஞாயித்துக்கிழமை குளிச்சுக்கறேம்மா. ஒரு வருஷம் மட்டும்."

"எழுதினது எழுதினபடி இருந்தா என்ன ஆயிடும்?"

"அது பொய்ம்மா."

மாமியார் காபி கலக்க எழுந்து போனார். போகிற போக்கில், "ஞாயித்துக்கிழமை வெந்நீர் போட்டு வைக்கறேன்" என்றார். எனக்கு அந்த அம்மாவை அன்றைக்குத்தான் பிடித்தது.

பத்மா முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை இரண்டு கூட்டத்தையும் கலந்து, எல்லா நாளும் பார்த்தார். முடிவில் வித்தியாசமே இல்லை. பயத்துக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை என்று தீசிஸ் எழுதினார்.

வைவா அன்று நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, இவ்வளவு வருஷத்தில் ஒன்றையுமே கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்டார்.

"இருந்திருந்தால் எழுதியிருப்பேன் சார்" என்றார் பத்மா. "இல்லை என்று நிச்சயமாகச் சொல்லத்தான் இத்தனை நாள் ஆனது."

எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு பத்மாவைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்த பிறகுதான் பத்மா அழுதார். காரிடாரில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள், அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

போயிட்டு வாங்க, பத்மா.