பூட்டு கட்டிய கயிறு

எண்பதுகளில் ஆவடி குவார்ட்டர்ஸ் பையன்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒருவன் நடுவில் குந்தி, நுனியில் பழைய செருப்பு கட்டிய கொடிக்கயிற்றைத் தரையோடு சுற்றுவான். மற்றவர்கள் சுற்றி நின்று அதைத் தாண்டவேண்டும். பட்டவன் அடுத்துச் சுற்றவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து பிளாக் அண்ணன் செருப்பை அவிழ்த்துவிட்டு சைக்கிள் ஷெட் பூட்டைக் கட்டினான். உள்ளங்கை அகல இரும்புப் பூட்டு.

"செருப்பே போதுமேண்ணா," என்றேன்.

"மாமே, இவன் செருப்புக்கே ஒண்ணுக்குப் போறவன்டா! ஊட்டுக்கு ஓடு நைனா, அம்மா பால் ஆத்தி வெச்சிகினு கீறாங்க."

அண்ணன் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். ஓடினால் கால் தப்பும். ஆனால் பயந்தாங்கொள்ளி என்ற பெயர், அப்பா குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்வரை போகாது. ஓடாமல் நின்றேன்.

அந்த வருடம்தான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் எதையும் கவனிக்காதவன் அந்தக் கயிற்றைக் கவனித்தேன். நுனியில் பூட்டு விர்ரென்று பறந்தது. அண்ணனின் கைப்பக்கம் கயிறு மெதுவாகத்தான் நகர்ந்தது. உள்ளே போய்விட்டால், பட்டாலும் வெறும் கயிறுதானே படும்? தாண்டித் தாண்டி உள்ளே நகர்ந்தேன்.

"இன்னாடா, மடியிலயே வந்து குந்திக்குவ போலக்கீதே?"

எல்லோரும் சிரித்ததில் தாண்டத் தவறினேன். கெண்டைக்காலில் கயிறு பட்டது. வலிக்கவேயில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பூட்டு நிற்கவில்லை. கயிறு என் காலைக் கம்பம் மாதிரி சுற்றத் தொடங்கியது. நீளம் குறையக் குறைய சுற்று வெடுக்கு வெடுக்கென்று சின்னதாகி, பூட்டு பின்பக்கமாக வந்து கணுக்கால் எலும்பில் இறங்கியது.

"தானே பொட்டலம் கட்டிக்கினான்டா!"

அண்ணன் கயிற்றைப் பிரித்தான். பூட்டிலிருந்த ரத்தத்தை என் டவுசரிலேயே துடைத்தான்.

"பட்டவன் சுத்தணும். அழுதுகினே சுத்துடா."

வீங்கும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து சுற்றினேன். நான் உள்ளே இழுக்க இழுக்க, பூட்டு வெளியே போகத் துடிப்பது கையில் தெரிந்தது. மற்றவர்கள் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் பூட்டு எட்டாத தூரத்தில், இடுப்பில் கை வைத்து நின்றான். மீதிக் கயிற்றை உள்ளங்கையில் சுருட்டி வைத்திருந்தேன். அவன் கவனிக்கவில்லை.

அடுத்த கிண்டலுக்கு அவன் வாயைத் திறந்தபோது, சுருட்டியிருந்த கயிற்றை விட்டேன்.