தற்போதைய முகவரி

வீடு மர்பி டவுனில் என்றதும் எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைப்பதை மூன்று இன்டர்வியூவில் பார்த்துவிட்டேன். அதில் ஒருத்தி, “ஓ, அந்த ஸ்லம் பக்கமா? சரி, சொல்லி அனுப்புறோம்” என்றாள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. ஒரு பி.காம். பட்டம், மருந்துக் கடையில் ஆறு மாதம் பில் போட்ட அனுபவம், இவ்வளவுதான் நான். பஸ்ஸில் பெண்களிடம் காசு வாங்குவதில்லை. அந்தப் புண்ணியத்தில் பெங்களூர் முழுக்கச் சுற்றி அவமானப்பட முடிந்தது.

நான்காவது கம்பெனியின் ஃபாரத்தில் ‘தற்போதைய முகவரி’ என்றொரு கட்டம் இருந்தது. அம்மா பத்து வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிற இந்திரா நகர் வீட்டின் முகவரியை எழுதினேன். அந்த வீட்டு மேடம் அப்போது மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தார். சாவி அம்மாவிடம். தினமும் காலையில் போய்ப் பெருக்கித் துடைத்து, செடிக்குத் தண்ணீர் விட்டு வருவாள்.

இந்த முறை பேனா கீழே இறங்கவில்லை. வேலை உனக்குத்தான், முகவரியைச் சரிபார்த்ததும் சேர்ந்துகொள் என்றார்கள். சரிபார்க்க வருகிற ஆள் முதலில் போன் செய்வான் என்று கேள்விப்பட்டிருந்தேன். செய்தால் ஓடிப்போய் அந்த கேட்டில் நின்றுகொள்ளலாம். அம்மாவிடம் முகவரி பற்றி எதுவும் சொல்லவில்லை. சொன்னால், நம்ம வீட்டுக்கு என்ன குறை என்று கேட்பாள்.

அவன் போன் செய்யவில்லை. ஒரு நாள் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்தாள்.

“உன் ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் மேடம் வீட்டுக்கு வந்தாருடி! உன் பேரச் சொல்லி, இங்கதான இருக்காங்கன்னு கன்னடத்துல கேட்டாரு. அவ என் பொண்ணு சார், நாங்க மர்பி டவுன்ல இருக்கோம், நான் இங்க வீட்டு வேலை செய்யறேன்னு சொன்னேன். ரொம்ப நல்ல பொண்ணு சார், எப்படியாவது வேலை குடுத்துடுங்கன்னு கும்பிட்டேன். வாசல் கேட்டை போட்டோ எடுத்துக்கினு போனாரு.”

மறுநாளே போன் வந்தது. பொய்த் தகவல் கொடுத்ததால் வேலை இல்லை என்று ஒரு பெண் மிக மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதைக்குத் தீ வைக்க வேண்டும் போலிருந்தது. அவள் கையில் கிடைக்கவில்லை, அம்மா கிடைத்தாள்.

“உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது? ஆமா, இங்கதான் இருக்கான்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான?” என்று கத்தினேன். முகவரி விஷயம் முழுவதையும் கொட்டினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றே கத்தினேன்.

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“முன்னாடியே சொல்லியிருந்தா அப்படியே சொல்லியிருப்பேன்டி. ஆனா, நீங்க யாரும்மான்னு அந்த ஆளு கேட்டிருந்தா? நான் யாருன்னு சொல்றது?”

பதில் என்னிடம் இருந்தது. அந்த முகவரிக் கட்டத்தை நிரப்பும்போதே, சரிபார்க்க வருகிறவனும் அம்மாவும் கேட்டில் ஒன்றாக நிற்க நேர்ந்தால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டு வேலைக்காரி என்று.