கடலுக்குப் போகாத மாத்திரை

மீமிசலில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட் நான். பிரஷர் மாத்திரை வாங்க வருகிற எல்லாரிடமும் இந்த மாதம் ஒரே கேள்வி கேட்டு நோட்டில் எழுதுகிறேன்: "எந்த நாள்ல மாத்திரை போடாம விட்டீங்க?"

இன்று முதலாளி சலித்துக்கொண்டார். "குடுத்து அனுப்பும்மா. ஒனக்கெதுக்கு இந்த ஆராய்ச்சி?"

நான் வாய் திறப்பதற்குள், எதிரே நின்ற மீனவ அண்ணன் சொன்னார்: "கடலுக்குப் போற அன்னைக்குப் போடுறதில்லங்க. போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. வலைய விட்டுட்டு எங்கிட்டுப் போறது?"

இதைச் சொல்கிற ஐந்தாவது ஆள் இவர்.

இது தெரியாமல், பிரஷர் இறங்கவில்லை என்று இவர்களுடைய டாக்டரோ மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறார்.

நாளைக் காலை நோட்டோடு அந்த டாக்டரைப் பார்க்கப் போகிறேன். முதலாளியிடம் லீவு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

நீங்கள் மாத்திரை போடாத நாள் எது? பெயர் எழுத மாட்டேன். நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது.